எட்டு மாதம் மூத்த தங்கச்சிக்கு

என் வசந்தாவுக்கு,

நீ போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். நேற்று உன் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா புடவையில ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கங்க, வந்து பாருங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் புடவையெல்லாம் கஞ்சி போட்டு மொறமொறவென்று நிற்கும், எனக்கு ஒத்துவராது என்று உனக்கே தெரியும். ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.

ஊர்ச் செய்தி கேள். மேரிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து கைத்தடியோடு நடக்கிறாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பழையபடியே ஓடுகிறது. கூத்தாநல்லூரிலிருந்து ஜைனப் பத்திரிகை அனுப்பியிருக்கிறாள், பேரனுக்குத் தை மாதம் நிக்காஹ். நீ போன செய்தி அவளுக்குத் தெரிவதற்குள் அச்சடித்துத் தபாலில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. உறையில் நம் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறாள்.

மேரி காருக்குச் சொல்லிவிட்டாள். "ஏசி வண்டி, நல்ல டிரைவர். நீ வாயத் தொறக்காம வந்து ஏறு" என்று உத்தரவு. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், அங்கிருந்து கூத்தாநல்லூர். அதே ரோடு, அதே தை மாதம், நீ மட்டும் இல்லை. மேரி காருக்குச் சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

எனக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு ஊசி போட்டுவிட்டு, எனக்கு யாராவது ஊசி எடுத்து வந்தால் பயம். நீயும் மேரியும் ஹாஸ்டலில் எனக்கு வைத்த பெயரே நடுக்கம்தானே. ஆனால் இந்தப் பயம் அந்த வகை இல்லை, வசந்தா. இதை நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். சொல்லாததால் எழுதுகிறேன்.

அந்த நாளை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் உனக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நமக்கு அப்போது இருபது வயது, நர்ஸிங் இரண்டாம் வருடம். நம்மோடு படித்த ஜைனப் பாதியில் நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். மூன்று பேரும் வராவிட்டால் நிக்காஹ்வுக்கு உட்கார மாட்டேன் என்று கடிதம் போட்டிருந்தாள். வார்டனிடம் அனுமதி வாங்கியது மேரி. கோவிந்தசாமி என்ற டிரைவரைப் பிடித்து, அவருடைய பழைய வேனை வாடகைக்குப் பேசியதும் மேரிதான். நீயும் நானும் செய்தது ஒன்றுதான், ஜைனப்புக்குப் பரிசாக இரண்டு தலையணை உறையில் பூப்பின்னல் போட்டோம். உன் ரோஜா ரோஜாவாக இருந்தது, என்னுடையது முட்டைக்கோஸ் என்று மேரி சொன்னாள்.

அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று இப்போது யாருக்குச் சொன்னாலும் புரிவதில்லை. புது ஆட்சி வந்து, உழுகிறவனுக்கு நிலம் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்த காலம். மேடைக்குக் கீழே வயலில் வேறு கதை. சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்புக் கூலியை உயர்த்தித் தராமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று கூலியாட்கள் நிற்கிறார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து வேனிலும் லாரியிலும் ஆள் கொண்டுவந்து அறுக்கப் பார்க்கிறார்கள். வெளியாள் ஏறி வருகிற வண்டியை மறிப்பதும், அடிதடியும், போலீசும் ஊருக்கு ஊர் நடந்தது.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் அப்பாவும் அப்படித்தான் வயலில் இறங்காமல் நின்றார். வீட்டில் மூன்று வாரமாக ஒருவேளைக் கஞ்சி என்று தம்பி எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை உனக்கும் படித்துக் காட்டினேன். நீ அன்று மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் வீட்டைப் பற்றி நீ சொல்லியிருந்ததெல்லாம், "அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு" என்பதுதான். கொஞ்சம்!

விடிந்ததும் கிளம்பினோம். நல்ல பனி. மூன்று பேரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டோம். காலடியில் ஒரு கோணி மூட்டை கிடந்து உறுத்தியது. வண்டிச் சாமானாக இருக்கும் என்று அதன்மேலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். மேரி பாட, நீ தாளம் போட, அம்மாப்பேட்டை வரைக்கும் எனக்குக்கூடப் பயம் இல்லாமல் இருந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது? இறங்கி நின்றோம். கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் மேரியைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டார். எலும்பு வார்டில் கால் முறிந்து கிடந்தவர், நாம் மாற்றி மாற்றி உடம்பு துடைத்துவிட்டவர். "நடக்குறேன் பாருங்க தங்கச்சி" என்று தண்டவாளத்து ஓரமாக நாலடி நடந்து காட்டினார். மேரி கைதட்டினாள். ஆளுக்கொரு பொட்டலம் கடலை கொடுத்துவிட்டு, அந்த நல்ல மனுஷன்தான் சொன்னார்: "மெயின் ரோட்டுல மறியலு. பஸ்ஸெல்லாம் வரிசையா நிக்குது. ஆத்தங்கரை ரோட்டப் புடிச்சுப் போயிடுங்க, வெரசா போயிடலாம்."

நீ உடனே டிரைவரிடம், "வேற ரோடு இல்லையாண்ணே?" என்று கேட்டாய்.

"இத விட்டா திரும்பித் தஞ்சாவூருதாம்மா" என்றார் கோவிந்தசாமி.

கேட் திறந்து, வண்டி ஆற்றங்கரையில் ஏறியதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஆள் இல்லாத பழுத்த வயல். துண்டை இன்னும் கீழே, புருவத்துத் தழும்பு மறைகிற அளவுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாய். சின்ன வயதில் மாட்டுத்தொட்டியில் விழுந்து பட்டது என்று சொல்வாயே, அந்தத் தழும்பு. வண்டி ஆட்டத்தில் உனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து நான் புளிப்பு மிட்டாய் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டுக்குக் குறுக்கே பனைமரம் கிடந்தது. அதற்குப் பின்னால் முப்பது நாற்பது பேர். பாதிப்பேர் பெண்கள். ஒரு மூங்கிலில் சிவப்புக் கொடி. கோவிந்தசாமி பின்னால் எடுக்கப் பார்த்தார், அதற்குள் பின்னாலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"பாக்கியம், இது எங்க ஊரு. இங்க பண்ணையாருன்னா அது எங்க அப்பாதான்."

அதற்குள் கோவிந்தசாமியை இறக்கி இரண்டு அறை விட்டார்கள். "முந்தாநாளு இதே வேன்லதானடா வெளியாள எறக்குன?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். "கல்யாண சவாரிங்க, மூணு பொம்பளப் புள்ளைங்கங்க" என்று அவர் அழுதார். இன்னொருவன் வண்டிக்குள் கையை விட்டு, என் காலடியில் இருந்த கோணியை இழுத்துத் தரையில் கொட்டினான். ஏழெட்டுக் கதிர் அரிவாள்கள். தஞ்சாவூரிலிருந்து நான் கால் வைத்துக்கொண்டு வந்தது அதன்மேல்தான். பனிக்குச் சுற்றிய துண்டோடு மூன்று பெண்கள் வேறு. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நாம் அறுக்க வந்த வெளியாள் இல்லாமல் வேறு யார்?

இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை சத்தம் போட்டாள்: "விடியக்காலம் நம்ம சனத்த வெட்டிப்புட்டு இப்ப ஆளு அனுப்புறானா? அந்தப் பண்ண வீட்டு உசுரு ஒண்ணு இன்னைக்கு இந்தப் பக்கம் வரட்டும், சொல்றேன்!"

மேரிதான் முன்னால் போனாள். "நாங்க அறுக்க வரலீங்க. நர்ஸுக்குப் படிக்கிறோம். கூத்தாநல்லூர்ல சிநேகிதி கல்யாணம்" என்றாள். அவளுடைய பையைப் பிரித்துப் பார்த்தார்கள். தலையணை உறை, பவுடர் டப்பா, ஒரு பைபிள்.

மாரிமுத்து என்பவர் வந்தார். முப்பது வயது இருக்கும், தோளில் சிவப்புத் துண்டு. அவர் சத்தமே போடவில்லை, எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. "எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு பொண்ணு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மேரி தஞ்சாவூர், ரயில்வே தொழிலாளி மகள். அடுத்தது நான். "நன்னிலம் பக்கங்க. கீழத்தெரு. சோமு மவங்க" என்றேன்.

"எந்தச் சோமு? கும்மி கட்டிப் பாடுவாரே, அந்தச் சோமண்ணனா?" அவர் முகம் மாறிவிட்டது. "போன மாநாட்டுல அவரு பக்கத்துலதாம்மா படுத்திருந்தேன். எம் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குதுன்னு தூங்க விடல மனுஷன்." கூட்டமும் கொஞ்சம் இளகியது. அப்பா எனக்கு எழுத்துக்கூடச் சொல்லித்தந்ததில்லை, அன்று அவர் பெயர் என் உயிரைக் காத்தது.

பிறகு மாரிமுத்து, சின்ன வயதிலேயே வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட உன்னை அடையாளம் தெரியாமல், உன் பக்கம் திரும்பினார். "இது யாரு பொண்ணு?"

இதுதான், வசந்தா, நான் சொல்லாத இடம்.

அவர் கேட்டதும் நான் பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் மேரி ஊரெல்லாம் கதை சொல்வாள். இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மூச்சு விடும் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது பயம் மட்டும் என்றால் இத்தனை வருடம் மறைத்திருக்க மாட்டேன். எங்கள் அம்மா கஞ்சிப் பானையைச் சாய்த்து வழிக்கிறது நினைவுக்கு வந்தது. நீ என் பக்கத்தில் படுத்து, என் கடிதத்தைக் கேட்டு, 'கொஞ்சம் நிலம்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லட்டுமே, அவளே சொல்லட்டும், அவள் அப்பா பெயரைச் சொல்லிப் பார்க்கட்டும், எனக்கென்ன என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். உன்னை அவர்கள் கையில் விட்டுவிட்டு மேரியோடு வேனில் ஏறிப் போகிற மாதிரிகூட நினைத்துப் பார்த்தேன்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்திருந்த உன் கை மட்டும் மெல்ல விட்டது. அந்தக் கை விட்டதும்தான் என் வாய் திறந்தது.

"எந் தங்கச்சிங்க."

"ஜாடையே இல்லையே" என்றார் மாரிமுத்து.

"அவ அம்மா ஜாடைங்க. நான் அப்பாவாட்டம்" என்றேன். நான் சொன்ன முதல் பெரிய பொய், அதுவும் தடுமாறாமல் வந்தது.

நர்ஸ் என்றதும் அவர்களுக்கு வேறு ஒரு காரியம் இருந்தது. நம்மைத் தெருவுக்குள் அழைத்துப்போனார்கள். கூரை வீட்டுக்குள் ஒரு பெண் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். மாரிமுத்துவின் அக்கா அஞ்சலை. வலது முன்கையில் அரிவாள் வெட்டு, பழந்துணி சுற்றி, துணியெல்லாம் ரத்தம். "பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, காயம் பட்டவங்களத்தான் கலகம் பண்ணுனாங்கன்னு போலீசு பேரு எழுதுது. அதான் வச்சுக்கிட்டுக் கெடக்குறோம்" என்றார். "நம்ம நர்ஸுப் புள்ளைங்க, அக்கா. இது ரெண்டும் சோமண்ணன் மவளுங்க."

அஞ்சலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். உன்னை ரொம்ப நேரம் பார்த்தாள். துண்டு எப்போதோ நழுவியிருந்தது. "ம்... மூக்கு ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றாள். என் மூக்கும் உன் மூக்கும்! நம்மைப் பார்த்த எவரும் சொல்லாதது. நான் அப்போது அதைக்கூடக் கவனிக்கவில்லை.

நீதான் வேலையில் இறங்கினாய். தண்ணீர் காய்ச்சி உப்புப் போடச் சொன்னாய். கட்டுத்துணி கேட்டாய், அங்கே சுத்தமான துணி ஏது? மேரியின் பையிலிருந்து தலையணை உறை இரண்டையும் எடுத்து நீளமாகக் கிழித்தாய். நான் கையைப் பிடித்துக்கொள்ள, நீ கழுவினாய். "எப்படிக்கா ஆச்சு?" என்று கேட்டாய். மாரிமுத்துதான் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "வெளியாளுங்க எறங்கக் கூடாதுன்னு வயல்ல குறுக்க நின்னுச்சு. பண்ண ஆளு ஒருத்தன் வெட்டுனான். பண்ணையாரு வரப்பு மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

உன் விரல் நிற்கவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முடிச்சு. வார்டில் சிஸ்டர் கேட்பாரே, அப்படி ஒரு கட்டு. நீ பின்னிய ரோஜா ஒன்று முழங்கைக்குக் கீழே வந்து நின்றது.

முடிந்ததும் ஒரு பெண் அலுமினிய லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். மேரி குடித்தாள். நிரப்பி என்னிடம் தந்தாள், குடித்தேன். நிரப்பி உன்னிடம் தந்தாள். நீ லோட்டாவைத் தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து குடித்தாய்.

ஹாஸ்டலில் நான் கேலி செய்கிற உன் பழக்கம் அது. ஆனால் எங்கள் தெருக்களில் யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. லோட்டாவை வாயில் வைத்துத்தான் குடிப்போம். மேலத்தெருவில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் லோட்டாவையே தரமாட்டார்கள், தள்ளி நின்று கையில் ஊற்றுவார்கள். அண்ணாந்து குடிப்பது எந்த வீட்டுப் பழக்கம் என்று அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அப்படிக் குடித்த கை, களைப்பில் தானாகத் தூக்கிவிட்டது.

மாரிமுத்து வாசற்படியிலிருந்து உள்ளே வந்தார். "ஏம்மா, சோமண்ணன் வீட்டுல தண்ணிய இப்பிடித்தான் குடிப்பீங்களா?"

வாசலில் கூட்டம் நெருக்குவது தெரிந்தது. இரண்டாவது பொய் என்னிடம் இல்லை, வசந்தா.

"அட போடா" என்றாள் அஞ்சலை, படுத்தபடியே. "நர்ஸுக்குப் படிக்கிற புள்ள அப்பிடித்தான் குடிக்கும். எச்சில்ல நோவு ஒட்டும்னு பெரியாஸ்பத்திரில சொல்லிக் குடுப்பாங்க. எம் மூத்தவள அங்க பெத்தப்ப நாங் கண்ணால பாத்தேன்."

"அப்ப இந்த ரெண்டும்?" என்று என்னையும் மேரியையும் காட்டினார்.

"இதுங்க பாடத்த ஒழுங்காப் படிக்கல போலருக்கு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மாரிமுத்துவுக்கும் உதடு கோணியது. நீ சிரிக்கவில்லை. லோட்டாவில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாய்.

கிளம்பும்போது அஞ்சலை இடது கையால் உன்னைக் கிட்டே இழுத்தாள். கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. உன் தழும்பைத் தொட்டு, "தொட்டியில வுழுந்து ரத்தம் கொட்டுனப்ப, வைத்தியரு வீட்டுக்கு நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன் சின்னப் பாப்பா. பாலத்துக்கிட்ட ஒன்னத் தெரிஞ்ச ஆளுங்க இருக்கும், அங்க நிக்காமப் போயிடுங்க" என்றாள்.

"அப்படிக் கூப்பிடாதீங்கக்கா" என்றாய்.

அரிவாள்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். கோவிந்தசாமியை எச்சரித்து விட்டார்கள். அடுத்த மறியலில் நிறுத்தக்கூடாது என்று இரண்டு பேர் வேன் படியில் தொற்றிக்கொண்டு எல்லை வரைக்கும் வந்தார்கள். அவர்கள் இறங்குகிற வரைக்கும் நாம் மூச்சு விடவில்லை. இறங்கியபின் மேரி ஓவென்று அழுதாள். நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். நீ மட்டும் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாய். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நான் உன்னைவிட எட்டு மாசம் மூத்தவடீ. பயத்துல என் வயசையும் குறைச்சிட்டியே" என்றாய். அழுதுகொண்டே சிரித்தோம். நாம் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்திருந்தது. பரிசு எங்கே என்று கேட்ட ஜைனப்பிடம், வழியில் ஒருவருக்குத் தேவைப்பட்டது என்று நீ சொன்னாய்.

அடுத்த மாதம் ஊருக்குப் போய் இரண்டே நாளில் திரும்பி வந்தாய். கேட்டதற்கு, "அப்பாகிட்ட பேசினேன்" என்றாய். அதற்குப் பிறகு லீவுக்கு நீ அந்த வீட்டுக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். எங்கள் அம்மா உன்னைப் "பெரியவளே" என்று கூப்பிட்டாள். உன் பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா ஆனேன். நீ அண்ணாந்து தண்ணீர் குடித்து நான் மறுபடி பார்க்கவே இல்லை.

வருடா வருடம் தை பிறந்தால் ஆரம்பித்துவிடுவாய். "ஒரு நடை நீயும் நானுமா அந்தத் தெருவுக்குப் போகணும் பாக்கியம், தனியாப் போக எனக்குத் தைரியம் வரல. நான் யாருன்னு அவங்ககிட்டச் சொல்லணும். அஞ்சலக்கா எனக்காகத் தம்பிகிட்டயே பொய் சொல்லிச்சு. அது எனக்குள்ள கெடந்து உறுத்துது." நான் என்னென்ன சொல்லித் தட்டிக்கழித்தேன்? மழை, தேர்தல், நைட் டூட்டி, கால் வலி. பழைய பகை இருக்கும், எதற்கு வம்பு என்றேன். நீயும் நம்பினாய். என் பயம் அந்தத் தெருவைப் பார்த்து இல்லை. அங்கே போனால் அந்த நாளைப் பேச வேண்டும். பேசினால் அந்த மூன்று மூச்சு வெளியே வரும். நீ என்னைப் பார்த்து, "ஏன் அவ்வளவு நேரமாச்சு பாக்கியம்?" என்று கேட்பாய். அதற்குப் பயந்து உன் ஆசையை நான் நடக்க விடவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அவரு கேட்டப்ப நீ..." என்று ஆரம்பித்தாய். நான் அவசர அவசரமாக, "பேசாத, தண்ணி குடி" என்று டம்ளரை உன் வாயில் வைத்தேன். நீ குடித்தாய். பிறகு தூங்கிவிட்டாய். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என்ன சொல்ல வந்தாய், வசந்தா? கேட்க வந்தாயா, மன்னிக்க வந்தாயா? அல்லது அதை நீ கவனிக்கவே இல்லையா? கவனிக்காமலா கையை விட்டாய்? தினமும் விடியும்போது இதுதான் எனக்கு முதல் நினைப்பு. அந்த டம்ளரை நான் ஒரு நிமிஷம் தாமதித்து எடுத்திருக்கக் கூடாதா?

மேரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வாயே திறக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை. கடைசியில், "டிரைவர்ட்ட ஆத்தங்கரை ரோட்டுலயே போகச் சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் இது என் வாக்கு. தை மாதம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி இறங்குவேன். அஞ்சலை இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளிடம், அவர்கள் தெருவில் நின்று சொல்வேன். அன்று வந்தவள் பண்ணையார் மகள் என்பேன். என் தங்கச்சி என்பேன். அதைச் சொல்வதற்கு எனக்கு மூன்று மூச்சு ஆனது என்பதையும் சொல்வேன். இப்போதும் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். நடுங்கினாலும் போவேன். தண்ணீர் கொடுத்தால் உனக்கும் சேர்த்து வாய் வைத்துக் குடித்துவிட்டு வருவேன்.

உன் கையை இனி விடாத,
உன்னைவிட எட்டு மாதம் இளைய உன் அக்கா,
பாக்கியம்